நட்பு நாட்டுப் படைகளின் கட்டளை முறைமைகளை இணைப்பது எப்படி: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் 1948 ஜூன் 16ஆம் நாள் மூன்று துரைமார், அதாவது வெள்ளைக்காரத் தோட்ட மேலாளர்கள், கம்யூனிசக் கிளர்ச்சியாளர்களால் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் இவ்வூர்ப் பெரியவர்கள் அறிந்த கதைதான். அதிகம் பேசப்படாத இன்னொன்று உண்டு. 1950இல் படை நடவடிக்கைகளுக்குப் பொறுப்பேற்ற ஹெரால்டு பிரிக்ஸ், நிர்வாக அதிகாரி, காவல்துறைத் தலைவர், இராணுவத் தளபதி ஆகிய மூவரையும் ஒரே மேசையில் அமர்த்தும் போர்ச் செயற்குழுக்களை மாநிலந்தோறும் மாவட்டந்தோறும் அமைத்தார். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபிஜி, கிழக்கு ஆப்பிரிக்கா என்று பல இடங்களிலிருந்து வந்த படைகளும், கூர்க்கா, மலாய்ப் படைகளும் இக்காட்டுக்குள் திரிந்த காலம் அது. அத்தனை பேருக்கும் பொதுவாக ஒரு வரைபடம், அதன்மேல் அனைவருக்கும் ஒரே பொருள் தரும் குறிகள், அக்குறிகளை மாற்ற யாருக்கு உரிமை என்ற தெளிவு ஆகிய மூன்றையும் அன்று சுவரில் மாட்டிய தாளில் செய்தார்கள். இன்று நேச நாடுகளின் கட்டளை–கட்டுப்பாட்டுக் கணினிகளை இணைப்பவர்கள் செய்ய முயல்வதும் அந்த மூன்றைத்தான்.

நான் இராணுவத்தின் செய்தித் தொடர்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சனிக்கிழமை மாலைகளில் கோயிலை ஒட்டிய பழைய பாலர் பள்ளிக் கட்டடத்தில், படிவம் ஆறு முடித்த பிள்ளைகள் சிலருக்குக் கணினி வலையமைப்புப் பாடம் நடத்துகிறேன். அவர்களுள் ஒருவன் ஒருநாள், "ரெண்டு நாட்டுக் கணினிக்கும் நடுவுல ஒரு கேபிள் போட்டா வேலை முடிஞ்சிருமே மாமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொல்லத் தொடங்கிய பதில் மூன்று மாலைகளைத் தாண்டியும் முடியவில்லை. கேபிள் போடுவது இவ்வேலையில் ஆக எளிய பகுதி என்பதைப் படிப்படியாக விளக்கவே இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்காக இரண்டு கற்பனை நாடுகளை வைத்துக்கொள்வோம். கிழக்கு நாடும் மேற்கு நாடும் எல்லையோர ஆற்றில் பெருவெள்ளம் வந்தபோது மீட்புப் பணிக்குத் தம் படைகளைச் சேர்ந்து அனுப்புகின்றன. இரண்டு நாடுகளிடமும் சொந்தக் கட்டளை முறைமை, அதாவது களநிலையைத் திரையில் காட்டித் தளபதியின் கட்டளையைக் கொண்டுசெல்லும் கணினி அமைப்பு, உண்டு. ஆற்றின் குறுக்கே ஒரு பாலம் இருக்கிறது. அந்தப் பாலம் இவ்வழிகாட்டி முழுவதும் நம்முடன் வரும்.

முதற்படி: யார், எந்த முடிவை, எப்போது எடுக்கப்போகிறார் என்று கேளுங்கள்

திட்டம் தொடங்கியதும் பொறியாளர்கள் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் "உங்களிடம் என்னென்ன தரவுகள் உள்ளன?" என்பதாக இருக்கும். அப்படித் தொடங்கினால் இருப்பதையெல்லாம் அனுப்பும் ஆசை வரும். பெறுபவர் அதில் மூழ்கிப் போவார். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் விடியற்காலையில் மண்டோர் என்ற மேற்பார்வையாளர் எல்லாக் கதையையும் சொல்வதில்லை. எத்தனை பேர் வந்தார்கள், எந்த மரநிரைக்கு ஆள் இல்லை என்பதை மட்டும் கிராணியிடம், அதாவது தோட்டத்து எழுத்தரிடம், சொல்வார். ஏனென்றால் அடுத்த பத்து நிமிடத்தில் கிராணி எடுக்க வேண்டிய முடிவுக்கு அவ்வளவே போதும்.

ஆகவே ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதத் தொடங்குங்கள். கிழக்கு நாட்டுப் போக்குவரத்துப் படைப்பிரிவின் தளபதி எந்தச் சாலையில் லாரிகளை அனுப்புவது என்று முடிவெடுக்கிறார். அதற்கு மேற்கு நாட்டுப் பொறியியல் படையிடமிருந்து பாலத்தின் நிலை அவருக்குத் தேவைப்படுகிறது. அச்செய்தி ஒருமணி நேரம் தாமதமானாலும் பயன்படும், ஆறுமணி நேரம் தாமதமானால் பயனில்லை. இவ்வாறு அனுப்புபவர், பெறுபவர், பொருள், எவ்வளவு தாமதம் தாங்கும், எந்த அளவு இரகசியம் என்ற ஐந்தையும் ஒவ்வொரு தகவலுக்கும் எழுத வேண்டும். இத்துறையில் இருப்பவர்கள் இதைத் தகவல் பரிமாற்றத் தேவைப் பட்டியல் என்பார்கள். பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் இருப்பிடத்துக்குச் சில விநாடித் தாமதமே பெரிது. எரிபொருள் கையிருப்புக்கு ஒருநாள்கூடப் பரவாயில்லை. இரண்டையும் ஒரே குழாய் வழியாக அனுப்ப முயன்ற திட்டங்கள் இரண்டையும் கெடுத்துக்கொண்டன. இந்தப் பட்டியலில் கையொப்பமிட வேண்டியவர் தளபதி. கணினிப் பிரிவு தானே கையொப்பமிட்டுக்கொண்ட பட்டியலை நான் நம்புவதில்லை.

இரண்டாம் படி: கொடுக்கும் உரிமையை எழுத்தில் பெறுங்கள்

நட்பு நாடு என்பதாலேயே எல்லாவற்றையும் காட்டிவிட முடியாது. மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் நடப்பில் உள்ளது. ஆவணங்கள் ரஹ்சியா பெசார், ரஹ்சியா, சுலிட், தெர்ஹாட் என்று நான்கு நிலைகளில் வகைப்படுத்தப்படுகின்றன. மற்ற நாடுகளுக்கும் இதுபோன்ற நிலைகள் உண்டு என்றாலும், ஒன்றின் மூன்றாம் நிலை மற்றொன்றின் மூன்றாம் நிலைக்கு ஈடாகும் என்று யாரும் தாமாக முடிவு செய்யக்கூடாது. இரு அரசுகளும் செய்துகொள்ளும் பாதுகாப்பு உடன்படிக்கையின் இணைப்பில் எந்த நிலைக்கு எது ஈடு என்ற அட்டவணை இருக்க வேண்டும். அந்த அட்டவணை கையில் வரும்வரை ஒரு பைட்டையும் அனுப்பாதீர்கள்.

உறவின் தன்மையையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்தும் 1971இல் செய்துகொண்ட ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு, தாக்குதல் நேர்ந்தால் உடனே கலந்தாலோசிப்போம் என்கிறதே தவிர, கட்டாயம் சேர்ந்து போரிடுவோம் என்று சொல்லவில்லை. அப்படியிருந்தும் அதன் கூட்டுத் தலைமையகம் பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்தில் நிலையாக இயங்குகிறது. ஐந்து நாட்டு அதிகாரிகளும் அங்கே ஒன்றாக வேலை செய்கிறார்கள். அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த நேட்டோ படைக்கூட்டணியில் உள்ளவர்களின் கடப்பாடு வேறு, இவர்களின் கடப்பாடு வேறு. மலாக்கா நீரிணையில் மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா ஆகிய மூன்றும் 2004இல் ஒருங்கிணைந்த சுற்றுக்காவலைத் தொடங்கின. தாய்லாந்து 2008இல் சேர்ந்துகொண்டது. அங்கே ஒவ்வொரு நாடும் தன் கடற்பரப்பைத் தானே காக்கிறது; செய்தி மட்டுமே எல்லை தாண்டுகிறது. இந்த மூன்று உறவுகளுக்கும் ஒரே மாதிரியான இணைப்பு பொருந்தாது.

உரிமையை இரண்டு கேள்விகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது: இந்தத் தகவலை அவர்களுக்குக் கொடுக்கலாமா, அவர்கள் அதை மூன்றாமவருக்குக் கொடுக்கலாமா? இரண்டாவதை மறந்துவிடுவதால் வரும் சண்டைகளே அதிகம். தகவலைப் பிறப்பித்த நாட்டின் இசைவின்றி அது கைமாறக்கூடாது என்பது பொதுவான மரபு.

மூன்றாம் படி: சொல்லுக்குப் பொருள் ஒன்றாகட்டும்

இங்கேதான் நேரம் போகும், போகத்தான் வேண்டும்.

ரப்பர்க் காலத்துக் கதை ஒன்றை என் வகுப்பில் சொல்வதுண்டு. ஒரு தோட்டத்துக் கிராணி நூறு கிலோ என்று எழுதினால் அது மரத்திலிருந்து இறக்கிய பாலின் எடை. பக்கத்துத் தோட்டத்துக் கிராணி நூறு கிலோ என்று எழுதினால் அது காய்ந்த ரப்பரின் எடை. பாலில் காய்ந்த ரப்பர் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடுதான் இருக்கும். இரண்டு பேரேட்டிலும் எண் ஒன்று, அலகு ஒன்று, மொழியும் ஒன்று. பொருள் மட்டும் மும்மடங்கு வேறு. இரண்டையும் கூட்டி மேலிடத்துக்கு அனுப்பினால் அந்தக் கூட்டுத்தொகைக்கு எந்தப் பொருளும் கிடையாது. ஆனால் கணினி அதைப் பிழையென்று ஒருபோதும் சொல்லாது.

நம் பாலத்துக்கு வருவோம். மேற்கு நாட்டு முறைமையில் பாலத்தின் நிலை 'திறந்துள்ளது' என்று இருக்கிறது. யாருக்குத் திறந்துள்ளது? கால்நடையாகப் போகிறவருக்கா, நாற்சக்கர வண்டிக்கா, கவச வாகனத்தை ஏற்றிய இழுவை லாரிக்கா? நேட்டோ நாடுகள் இதற்காகப் பாலத்துக்கும் வாகனத்துக்கும் தனித்தனியே ஒரு சுமைவகுப்பு எண் தருகின்றன. வாகனத்தின் எண் பாலத்தின் எண்ணைத் தாண்டாமல் இருந்தால் கடக்கலாம். அந்த எண் டன் கணக்கு அன்று. அச்சுகளின் இடைவெளி, எடை பரவும் விதம் ஆகியவற்றையும் சேர்த்து வகுக்கப்படுவது. கிழக்கு நாட்டு முறைமையோ பொதுப்பணித் துறையின் பழக்கப்படி டன் அளவை எழுதி வைத்திருக்கிறது என்று கொள்வோம். ஒருபக்கம் 30, மறுபக்கமும் 30. இரண்டும் ஒன்றென்று எண்ணி லாரியை ஏற்றுபவர் ஆற்றில்தான் போய் நிற்பார்.

இத்தகைய குழப்பத்தைத் தீர்க்க எடுக்கப்பட்ட முயற்சியின் வரலாறு நீண்டது. ஐரோப்பாவில் நேட்டோ படைத் தலைமையகம் 1980இல் அட்சிஸ் என்ற ஆய்வைத் தொடங்கியது. தரைப்படைகளின் கணினிகள் ஒன்றோடொன்று தரவு பரிமாற என்ன செய்யலாம் என்பதே அதன் கேள்வி. 1998 ஏப்ரலில் கனடாவின் கால்கரி நகரில் கனடா, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் திட்ட மேலாளர்கள் கூடி எம்.ஐ.பி. என்ற பன்னாட்டு இணைந்தியங்கு திட்டத்தை அமைத்தார்கள். பின்னர் அட்சிஸ் அதனுடன் இணைந்தது. அவர்களுடைய உழைப்பின் விளைவுகளுள் முதன்மையானது ஜே.சி.3.ஐ.இ.டி.எம். என்ற நீளமான பெயர் கொண்ட பொதுத் தரவு மாதிரி. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். உள்ளே இருக்கும் சிந்தனை எளிமையானது.

முதலாவதாக, அது வகையையும் தனிப்பொருளையும் பிரிக்கிறது. 'பாலம்' என்பது வகை. இந்த ஆற்றில், இந்த இடத்தில் நிற்கும் இந்தப் பாலம் தனிப்பொருள். வகைக்குரிய பண்புகள் ஒருமுறை எழுதப்பட்டால் போதும், தனிப்பொருளுக்குரியவை மாறிக்கொண்டே இருக்கும். பொருள்கள் அனைத்தும் அமைப்பு, ஆள், தளவாடம், கட்டுமானம், நிலக்கூறு என்ற ஐந்து பெரும்பிரிவுகளுள் அடங்குகின்றன. வெள்ளத்தில் உடைந்த கரை நிலக்கூறா கட்டுமானமா என்று வாதாடுவதற்கே ஒரு முற்பகல் போய்விடும் என்பதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அந்த வாதம் மேசையில் நடக்காவிட்டால் பிறகு களத்தில் நடக்கும்.

இரண்டாவது சிந்தனை எனக்கு மிகவும் பிடித்தமானது. நிலையை அழித்தெழுதுவதில்லை, ஒவ்வொரு செய்தியும் யார் சொன்னது, எப்போது சொன்னது, எவ்வளவு நம்பத்தக்கது என்ற குறிப்புடன் தனிப்பதிவாக நிற்கிறது. காலை ஆறு மணிக்குப் பாலம் சரியாக உள்ளது என்று ஒரு ரோந்து அணி சொல்கிறது. ஏழு மணிக்கு ஊர்க்காரர் ஒருவர் பாலம் போய்விட்டது என்கிறார். பழைய முறைமை இரண்டாவதை முதலாவதன்மேல் எழுதிவிடும். பொதுமாதிரி இரண்டையும் வைத்துக்கொண்டு, முடிவைத் தளபதியிடம் விடுகிறது. நம்பகத்தை அளக்க ஒரு பழைய முறையும் உண்டு: சொன்னவரின் நம்பகத்துக்கு ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து, சொன்ன செய்தியின் உண்மைத்தன்மைக்கு 1 முதல் 6 வரை ஓர் எண். இதில் எஃப், 6 ஆகியவற்றை ஆக மோசமானவை என்று புதியவர்கள் எண்ணிவிடுகிறார்கள். அவற்றுக்கு 'மதிப்பிட இயலவில்லை' என்றே பொருள். எஃப் என்ற தரத்துடன் வந்த செய்தியைக் குப்பையில் போட்டவர், முதன்முறையாகச் செய்தி தரும் ஒரு நல்ல மனிதரைக் குப்பையில் போட்டிருக்கலாம்.

பொதுமாதிரி எதற்கு, இரு நாடுகளும் நேரடியாகத் தமக்குள் மொழிபெயர்த்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். இரு நாடுகள் மட்டும் என்றால் தாராளமாகச் செய்யலாம். நானும் அதையே பரிந்துரைப்பேன். ஐந்து நாடுகள் என்றால் ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற நான்குக்கும் ஒரு மொழிபெயர்ப்பு மென்பொருள் வேண்டும்; மொத்தம் 20. நடுவில் பொதுமாதிரி இருந்தால் ஒவ்வொரு நாட்டுக்கும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று 10 போதும். பத்து நாடுகள் என்றால் 90க்கு எதிராக 20. மேலும், ஒரு நாடு தன் முறைமையைப் புதுப்பிக்கும்போது மற்ற ஒன்பது நாடுகளின் மென்பொருளையும் தொடவேண்டிய நிலை வராது.

இப்படியின் முடிவில் உங்கள் கையில் இருக்க வேண்டியது ஒரு சொற்பட்டியல். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள், அலகு, ஏற்கத்தக்க மதிப்புகள், 'தெரியவில்லை' என்பதை எழுதும் விதம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். வெற்றுக் கட்டத்தை ஒரு நாடு 'இல்லை' என்றும் மற்றொரு நாடு 'விசாரிக்கவில்லை' என்றும் படித்தால் அதன் விளைவு உயிர்ச்சேதமாகவும் இருக்கலாம்.

நான்காம் படி: இடத்தையும் நேரத்தையும் குறியையும் ஒத்துப்பாருங்கள்

தீபகற்ப மலேசியாவின் பழைய நிலவரைபடங்கள் கெர்த்தாவ் என்ற அடித்தளத்தின்மீது, அதாவது இடங்களை அளக்கும் மூலக் கணக்கின்மீது, வரையப்பட்டவை. கையடக்க ஜி.பி.எஸ். கருவி டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற உலகப் பொது அடித்தளத்தில் பேசுகிறது. ஒரே அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இரண்டிலும் குறித்தால் நம் வட்டாரத்தில் இரு புள்ளிகளும் 100 மீட்டருக்கும் அதிகமாக விலகி நிற்கும். செம்பனைத் தோட்டத்தில் அது சில நிரைகள் தள்ளிப் போவதுதான். ஆற்றங்கரையில் அது எதிர்க்கரை. ஆகவே எல்லை தாண்டும் ஒவ்வோர் ஆயத்தொலையும் எந்த அடித்தளத்தில் உள்ளது என்பது செய்தியோடு சேர்ந்தே போக வேண்டும். பெறுபவர் ஊகித்துக்கொள்வார் என்று விடக்கூடாது.

உலகை எண்ணிட்ட மண்டலங்களாகவும் கட்டங்களாகவும் பிரிக்கும் எம்.ஜி.ஆர்.எஸ். என்ற படைத்துறைக் கட்டமுறையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு பொறி. அதன் 47, 48ஆம் மண்டலங்கள் பிரியும் 102 பாகைத் தீர்க்கரேகை நம் தீபகற்பத்தின் குறுக்கேயே, சிரம்பானுக்குச் சற்றுக் கிழக்கே ஓடுகிறது. சுங்கை சிப்புட் 47இல் இருக்கிறது, சிங்கப்பூர் 48இல். வானொலியில் பேசுகிறவர்கள் மண்டல எண்ணை விட்டுவிட்டுப் பின்பகுதியை மட்டும் சொல்வது வழக்கம். ஒரே அணி ஒரே பள்ளத்தாக்கில் இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. இரு நாட்டுத் தலைமையகங்கள் இரு மண்டலங்களில் இருக்கும்போது அது ஆபத்து. மென்பொருள் முழு எண்ணையும் கேட்டுப் பெறும்படி எழுதுங்கள்.

ஓர் ஆயத்தொலை யாருடையது என்பதும் சேர்ந்துபோக வேண்டும். 2001 டிசம்பர் 5ஆம் நாள் ஆப்கானிஸ்தானின் காந்தகாருக்கு வடக்கே, குண்டுவீச்சுக்கு இலக்கைக் குறிக்கும் பொறுப்பில் இருந்தவரின் ஜி.பி.எஸ். கருவிக்கு மின்கலம் மாற்றப்பட்டது. மீண்டும் உயிர்பெற்ற கருவி, இலக்கின் இடத்துக்கு மாறாகத் தான் இருந்த இடத்தையே காட்டியது. அந்த எண் அப்படியே விமானத்துக்குப் போனது. அமெரிக்கப் படையினர் மூவரும் அவர்களோடு இருந்த ஆப்கானியர் பலரும் தம் பக்கத்துக் குண்டிலேயே மாண்டார்கள். எண்ணில் பிழையில்லை, அது 'என் இடம்' என்ற முகவரிச்சீட்டு இல்லாமல் போனதே பிழை.

நேரத்துக்கு விதி ஒன்றுதான்: எல்லை தாண்டும் நேரம் யாவும் உலகப் பொது நேரத்தில் இருக்கட்டும். படைத்துறை வழக்கில் அதற்கு இசட் என்ற எழுத்து. மலேசிய நேரம் எட்டு மணி முன்னே இருப்பதால் அதற்கு எச். தாய்லாந்து ஏழு மணி முன்னே இருப்பதால் அதற்கு ஜி. எட்டாம் தேதி மாலை 4.30 என்பதை இங்கே 081630 என்று எழுதி எச் சேர்ப்போம். அதே கணம் பொது நேரத்தில் 080830 இசட் ஆகும். தீபகற்பத்தில் 1982 ஜனவரி முதல் நாள் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியதைக் கண்ட தலைமுறைக்கு, நேரம் என்பது அரசிதழில் முடிவாகும் விஷயம் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தை ஒத்துக்கொண்டதும் கடிகாரங்களையும் ஒத்துப்பாருங்கள். இரு பக்கக் கணினிகளுக்கும் இடையே இரண்டு நிமிடம் வேறுபட்டால் எந்தச் செய்தி புதியது என்ற கணிப்பே தலைகீழாகும்.

குறிகளுக்கு நேட்டோவின் ஏ.பி.பி. 6 தரமுறையைப் பல நாடுகள் பின்பற்றுகின்றன. நட்புப் படைக்கு நீலச் செவ்வகம், பகைக்குச் சிவப்பு வைரம், நடுநிலைக்குப் பச்சைச் சதுரம், அறியப்படாததற்கு மஞ்சள் நாலிதழ். நிறத்தோடு வடிவமும் மாறுவதன் காரணத்தை என் மாணவி ஒருத்தி உடனே கண்டுபிடித்தாள்: கறுப்பு வெள்ளை அச்சிலும், நிறக்குருடு உள்ளவரின் கண்ணிலும் வேறுபாடு தெரிய வேண்டும்.

ஐந்தாம் படி: எதில் அனுப்புவது

இதை விரைவாகக் கடக்கலாம். மூன்று வழிகள் உள்ளன. வடிவம் வகுத்த செய்தி என்பது கட்டம் போட்ட படிவம் போன்றது. மனிதரும் படிப்பார், கணினியும் படிக்கும். பாலத்தின் நிலைக்கு இது போதும். தரவுத்தளப் படியெடுப்பு என்பது ஒரு பக்கத்தில் மாறியதை மட்டும் மறுபக்கத்துக்கு அனுப்பி இரண்டையும் ஒத்த நிலையில் வைத்திருப்பது. களத்து வானொலி விநாடிக்குச் சில ஆயிரம் பிட்டுகளே தாங்கும் இடங்களில் முழுத்தரவையும் அனுப்பாமல் மாற்றத்தை மட்டும் அனுப்புவதே முறை. மூன்றாவது, லிங்க் 16 போன்ற நேரப்பங்கீட்டு இணைப்பு. அதில் ஒரு விநாடி 128 துண்டுகளாக வெட்டப்பட்டு, யார் எந்தத் துண்டில் பேசலாம் என்று முன்கூட்டியே பங்கிடப்படுகிறது. பறக்கும் விமானங்களுக்கு அது வேண்டும்; வெள்ள மீட்புக்கு வேண்டாம். முதற்படியில் எழுதிய தாமதக் கணக்கைப் பார்த்தால் தெரிவு தானாகவே அமையும்.

ஆறாம் படி: எல்லையில் ஒரு வாசல், வாசலில் ஒரு காவல்

இரு நாட்டு உள்வலைகளை நேரடியாக ஒட்ட வேண்டாம். ஒவ்வொரு நாடும் தன் எல்லையில் ஒரு வாசற்கணினியை நிறுத்தட்டும். வெளியே போகும் ஒவ்வொரு செய்தியும் தன் இரகசிய நிலையைச் சொல்லும் சீட்டைச் சுமந்து வரும். வாசற்கணினி அந்தச் சீட்டை உடன்படிக்கை அட்டவணையோடு ஒப்பிட்டு விடும் அல்லது தடுக்கும். சீட்டு செய்தியோடு பிரிக்க முடியாதபடி மின்னொப்பத்தால் கட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு செய்தியின் சீட்டைப் பிடுங்கி வேறொன்றில் ஒட்டிவிடலாம். ஒருபக்கம் மட்டுமே தகவல் போக வேண்டிய இடங்களில், ஒரு முனையில் ஒளி உமிழும் பகுதியும் மறுமுனையில் ஒளி வாங்கும் பகுதியும் மட்டுமே உள்ள இழை இணைப்பைப் போடுவார்கள். திரும்பிப் போக வழியே இல்லாததால் அதை மென்பொருளால் ஏமாற்ற இயலாது.

ஆப்கானிஸ்தானில் தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு நாடும் தன் வலையைத் தனியே கொண்டுவந்தது. ஒரே கூடாரத்தில் ஒரு மேசைமீது பல கணினிகள். ஒன்றிலிருந்து படித்து மற்றொன்றில் தட்டும் வேலைக்கே ஆட்கள். அந்த அனுபவத்திலிருந்து 2010இல் ஒரு கூட்டுப் பணிவலை உருவானது. அதன் பாடங்களையே இன்று நேட்டோ கூட்டாட்சிப் பணிவலை என்ற திட்டமாக விரித்திருக்கிறது. அதன் அடிப்படை எளிது: யாரும் தன் முறைமையை விட்டுக்கொடுக்க வேண்டாம், ஆனால் சேர விரும்புபவர் வாசலில் ஒட்டியுள்ள விதிகளை நிறைவு செய்துவிட்டு வர வேண்டும். விதிகளைப் படை புறப்பட்ட பிறகு எழுதக்கூடாது என்பதே ஆப்கானிஸ்தான் கற்பித்தது.

ஏழாம் படி: மொழிபெயர்த்துப் பாருங்கள், திருப்பியும் மொழிபெயர்த்துப் பாருங்கள்

மென்பொருள் எழுதியதும் செய்யவேண்டிய முதற்சோதனை சுற்றுப்பயணம். கிழக்கு நாட்டுப் பதிவு ஒன்றைப் பொதுமாதிரிக்கு மாற்றி, மேற்கு நாட்டு வடிவத்துக்கு மாற்றி, அதே வழியில் திரும்பக் கொண்டுவந்து தொடக்கப் பதிவோடு ஒப்பிடுங்கள். எது உதிர்ந்ததோ அதைப் பட்டியலிடுங்கள். சில உதிர்வுகளைத் தவிர்க்க முடியாது. மேற்கு நாட்டிடம் ஏழு பாலநிலைகளும் கிழக்கு நாட்டிடம் மூன்றும் இருந்தால் ஏழு மூன்றாகத்தான் சுருங்கும். அப்போது சுருக்கம் எந்தத் திசையில் சாய வேண்டும் என்பதைப் பொறியாளர் முடிவு செய்யக்கூடாது. ஐயமுள்ள பாலம் 'மூடியது' பக்கம் சாயட்டும் என்று தளபதிகள் எழுதிக்கொடுக்க வேண்டும்.

அடுத்து, பிறருடைய கருவிகளோடு மோதிப் பார்க்க வேண்டும். நேட்டோ இதற்காகவே போலந்தின் பிட்கோஷ் நகரில் சிவிக்ஸ் என்ற ஆண்டுப் பயிற்சியை நடத்துகிறது. பல நாட்டுப் பொறியாளர்கள் தத்தம் முறைமைகளைக் கொண்டுவந்து இணைத்து, எது உடைகிறது என்று தேடுவதே அங்கே வேலை. உடைவதற்காகப் போகும் இடம் என்பதால் யாரும் வெட்கப்படுவதில்லை.

பிறகு மனிதர்களை வைத்துச் சோதியுங்கள். 1994 ஏப்ரல் 14ஆம் நாள் வட ஈராக்கில் அமெரிக்க விமானப்படையின் இரு எஃப்-15 போர்விமானங்கள், அமெரிக்கத் தரைப்படையின் இரு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களைப் பகைவருடையவை என்று எண்ணிச் சுட்டு வீழ்த்தின. பல நாட்டவர் 26 பேர் உயிரிழந்தனர். ஹெலிகாப்டர்கள் அப்பகுதிக்குள் நுழைந்ததும் மாற்றியிருக்க வேண்டிய அடையாளக் குறியீட்டை மாற்றவில்லை. வானொலியும் வேறு அலைவரிசையில் இருந்தது. இரு தரப்பையும் அறிந்த கண்காணிப்பு விமானம் ஒன்று வானில் இருந்தும் தடுக்கப்படவில்லை. இரண்டும் ஒரே நாட்டின் படைகள் என்பதை வகுப்பில் இரண்டு முறை சொல்வேன். கருவிகள் இருந்தும் இது நடந்தது. ஆகவே உங்கள் சோதனையில், தவறான குறியீட்டுடன் ஒரு நட்பு அணியை வேண்டுமென்றே உள்ளே அனுப்புங்கள். திரையில் என்ன தெரிகிறது, பார்ப்பவர் யாரிடம் பேசுகிறார், எத்தனை நிமிடத்தில் பேசுகிறார் என்று பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: நடைபெறும் நாட்களில்

இணைப்பு ஓடத் தொடங்கியபின் மூன்றைக் கண்காணியுங்கள். முதலாவது பழைமை. திரையில் உள்ள ஒவ்வொரு குறியும் தன் வயதைக் காட்ட வேண்டும். முதற்படியில் எழுதிய கெடு தாண்டியதும் அது மங்கத் தொடங்க வேண்டும். பளிச்சென்று தெரியும் பழைய செய்தி, செய்தி இல்லாததைவிடக் கேடு.

இரண்டாவது எதிரொலி. கிழக்கு நாடு சொன்ன செய்தி மேற்கு நாட்டுக்குப் போய், அங்கிருந்து வேறு தலைப்புடன் கிழக்குக்கே திரும்பி வரும். உடனே அங்குள்ள அலுவலர், இரண்டு பேர் தனித்தனியே ஒரே செய்தியை உறுதிப்படுத்திவிட்டார்கள் என்று மகிழ்வார். பிறப்பித்தவரின் அடையாள எண் செய்தியோடு கடைசிவரை ஒட்டியிருந்தால்தான் இதைப் பிடிக்க முடியும். தோட்டத்து லயத்தில் ஒரே வதந்தி மூன்று வீடு சுற்றி வந்து மூன்று சாட்சியாவதை நாம் பார்க்காததா என்ன?

மூன்றாவது துண்டிப்பு. இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதை முன்பே எழுதி, பயிற்சியில் ஒருமுறையாவது கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். ஒவ்வொரு தலைமையகத்திலும் மற்ற நாட்டின் தொடர்பு அதிகாரி ஒருவர், காகித வரைபடத்துடனும் தனி வானொலியுடனும் அமர்ந்திருக்க வேண்டும். கணினி வந்ததும் இவர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 'முடிந்தால் வருகிறோம்' என்று ஒரு தளபதி சொன்னால், அவருடைய நாட்டு வழக்கில் அது வரமாட்டோம் என்பதற்கான மரியாதைச் சொல் என்று சொல்லித்தர எந்தத் தரவு மாதிரியிலும் கட்டம் கிடையாது.

மீட்புப் பணி முடிந்ததும் இணைப்பைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போகாதீர்கள். வாசற்கணினிகளின் மின்சான்றிதழ்களை இரு பக்கத்திலும் அன்றே செல்லாதவையாக்க வேண்டும். தற்காலிகப் பயனர் கணக்குகளை மூட வேண்டும். மற்ற நாட்டிலிருந்து வந்த தரவுகளுள் எவற்றை வைத்துக்கொள்ளலாம், எவற்றை அழிக்க வேண்டும் என்பதை இரண்டாம் படியின் உடன்படிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு வரிவரியாகச் சரிபார்த்து, அழித்ததற்கு இரு நாட்டு அதிகாரிகளும் சாட்சிக் கையொப்பமிட வேண்டும். அச்சிட்ட படிகள் பெரும்பாலும் மறந்துபோகும். கூடாரத்துச் சுவரில் வரைபடத்தின்மேல் விரித்து மெழுகுப் பென்சிலால் குறியிட்ட அந்த ஒளிபுகும் தாள்களையும் எண்ணிக் கணக்கில் சேர்த்து ஒப்படைத்துவிடுங்கள்.